நாங்கள் மாறி உட்கார்ந்த இரண்டு அறைகள்

முதலில் கைதான் நடுங்கியது. காலையில் எழுந்ததும் நடுங்கும். காப்பிப் பழம் பறிக்கும்போது கொத்தில் பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். என் விரல் காயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

ஏற்காட்டில் கை நடுங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குளிர் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்தவள் தன் கம்பளியை எடுத்து என் தோளில் போட்டாள். நானும் குளிர் என்றே சொன்னேன். பங்குனி வெயிலில் களை வெட்டும்போது நடுங்கியதற்கும் அதையே சொன்னேன்.

அது குளிர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வாய் குடித்தால் நின்றுவிடும்.

பெண்பிள்ளை குடித்தாள் என்று படித்ததும் இந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். உங்களில் யாரோ ஒருத்தி இதைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

நாங்கள் செம்மநத்தம் போகிற வழியில் ஓர் எஸ்டேட்டில், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே வாட்ச்மேன். எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு உடம்புக்குள் குளிர் இறங்கக் கூடாது என்று குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் பிராந்தி கொடுப்பார்கள். அப்போது மதுவிலக்கு, கடைகள் கிடையாது. என் வீட்டுக்காரர் யாரிடமோ கேட்டு, எங்கேயோ போய், ஒரு சின்ன பாட்டில் வாங்கிவந்தார். அவருக்கு அந்த வாடையே ஆகாது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார்.

எல்லாப் பெண்களும் குடித்தார்கள். அவர்களுக்கு அது மருந்தோடு நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை. மழையில் நனைந்தால் ஒரு வாய், இடுப்பு வலித்தால் ஒரு வாய், பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போன அன்று இரண்டு வாய். பிறகு சாராயக் கடை வந்தது, காரணம் தேவைப்படவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை விட்டு வந்தால் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்த பாட்டிலுக்குக் கை போகும். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் கண் மஞ்சளானது. கால் வீங்கியது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. தோட்டத்தில் கூடையோடு விழுந்தேன். சேலத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் ஓர் இளம் பெண். என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் வெளியே இருங்க அய்யா" என்றார். அவர் போனதும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க குடிப்பீங்களா?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் கூரையைப் பார்த்தேன். அவர் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரி. இப்ப நான் வைத்தியம் பண்ண முடியும்" என்றார்.

கல்லீரல் (வலது விலாவுக்குக் கீழே இருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு) வீங்கியிருந்தது. அதனால்தான் காமாலை. ஆனால் அதைவிடக் குடியை நிறுத்திய மூன்றாம் நாள்தான் பயங்கரமாக இருந்தது. டெலிரியம் (நிறுத்திய குடிக்காக உடம்பு தவித்து, புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது) என்றார்கள். என் போர்வை மேல் காப்பிக்கொட்டைகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நான் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி என் வீட்டுக்காரர் மடியில் போட்டேனாம். அவரும் துண்டை விரித்து வாங்கிக்கொண்டே இருந்தாராம். நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ரொம்ப நாள் குடித்தவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள். உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் படுத்து நிறுத்துங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"ஈரல் இன்னும் தேறக்கூடியதுதான். ஆனா இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால காப்பாத்த முடியும்னு சொல்ல மாட்டேன். மருந்து முடிஞ்சது. இனி உங்களுக்கு வேண்டியது மருந்து இல்ல, ஆளுங்க. குடிச்சு, விட்டவங்க ஒண்ணாக் கூடிப் பேசுற கூட்டம் இருக்கு. போய் உக்காருங்க. முதல்ல பேசக்கூட வேண்டாம்."

"பேசோணும்னு இல்லீங்களா?" என்று நான் கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஏற்காட்டிலேயே ஒரு கூட்டம் இருந்தது. ஒரு மண்டபத்தில் சாயங்காலம் கூடினார்கள். போனோம். எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள், இங்கிலீஷில் பேசினார்கள். ஒருவர் பேசிக்கொண்டே அழுதார். என்ன சொல்லி அழுதார் என்று தெரியாமல் நானும் கொஞ்சம் அழுதேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "பிஸ்கோத்து நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது நமக்கு ஆகாது புள்ள."

சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழில் கூட்டம் நடக்கிறது என்று அங்கேயே ஒருவர் சொல்லியிருந்தார். மறு வாரம் பஸ் ஏறினோம்.

அங்கே இரண்டு வகுப்பறைகள் திறந்திருந்தன. ஒன்றில் குடியை விட்டவர்கள். பக்கத்து அறையில் அவர்களுடைய வீட்டார். வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"வாங்க வாங்க. எந்த ஊருங்க?"

"ஏற்காடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அட, மேலிருந்து எறங்கி வந்திருக்கறீங்க! புதுசுங்களா? கூச்சப்படாதீங்க. நானும் உங்களாட்ட வந்தவன்தான்." இவர் தோளில் கை போட்டார். "நீங்க இப்பிடி வாங்க. அம்மா அந்தப் பக்கம். அங்க பொம்பளைங்க இருக்கறாங்க, நல்லாப் பாத்துக்குவாங்க."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். யாராவது ஒருவர், "இல்லீங்க, நோய் அவருக்கு இல்லீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. இவரோ எஸ்டேட்டில் துரை சொன்னாலும் கணக்கு எழுதுகிற ரைட்டர் சொன்னாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழகியவர்.

"செரிங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

அப்படித்தான் சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர் குடிநோயாளிகளின் அறையிலும், நான் குடிகாரர்களின் மனைவிமார் நடுவிலும் போய் உட்கார்ந்தோம்.

மனைவிமார் அறையில் மல்லிகா என்ற பெண்தான் தலைவி மாதிரி. லாரி டிரைவரின் மனைவி. குரலும் லாரி ஆரன் மாதிரிதான் இருக்கும். என்னைக் கண்டதும் பெஞ்சில் இடம் ஒதுக்கினாள்.

"ஒக்காருங்கக்கா. அழுவறதா இருந்தாலும் அழுங்க. இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. உங்களுக்கு எத்தன வருசமா இந்தச் சனி?"

"நொம்ப வருசமா" என்றேன். அது பொய் இல்லை.

ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். ஒருத்தியின் தாலிக்கொடி போயிருந்தது. ஒருத்திக்குப் பல் உடைந்திருந்தது. ஒருத்தி, "அடிச்சாக்கூடப் பரவால்லீங்க. நான் பக்கத்துல இருக்கறதே தெரியாம ஒக்காந்திருக்காரு பாருங்க, அதுதான்" என்றாள். அன்றைக்கு எனக்கு அவர்கள் எல்லோருடைய முகமும் என் வீட்டுக்காரர் முகமாகத் தெரிந்தது. நான் தலை நிமிரவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொல்லுவீன்னு இருந்தேன்."

"எனக்கெங்க வருது."

"அதான் நானே போயிட்டேன்."

வளைவில் பஸ் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்: "அங்க என்ன பேசுனாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதச் சொல்லப்படாதாமா."

"என்றகிட்டக் கூடவா?"

"பொண்டாட்டிகிட்டக் கூடத்தான். ஒருத்தரு சங்கதிய ஒருத்தரு வெளிய சொல்லப்படாதுன்னு கண்டக்டரு மொதல்லயே சொல்லிப்புட்டாரு. நானும் செரிங்கன்னு சொல்லிப்புட்டேன்."

நோய் எனக்கு, மருந்து அவர் காதில். சொல்லவும் மாட்டார். அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அடுத்த வாரம் சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் கண்டக்டர் இவரைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். "திரும்பி வந்துட்டாருய்யா மலைக்காரரு!" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஆனால் வீட்டில் ஏதோ மாறியது. முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், நான் வேலை விட்டு வருவதற்கு முன்பே அவர் வீட்டில் இருந்தார். வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் தட்டில் வைத்திருந்தார்.

"எதுக்குங்க இது?"

"எதுக்கோ. தின்னு."

மறுநாளும் இருந்தார். ரவுண்டுக்குப் போகிற நேரத்தை ரைட்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் சந்தையிலிருந்து வரும்போது, சாராயக் கடை இருக்கிற ரோட்டை விட்டு, கிளியூர் பக்கமாகச் சுற்றி நடத்திக் கூட்டிவந்தார். எனக்குக் கால் வலித்தது.

"ஏன் இப்பிடிச் சுத்தறோம்?"

"கேக்காத. சொல்லப்படாது."

நான் பாத்திரத்தை டங்கென்று வைத்தால், "என்ன கோவம்?" என்று கேட்க மாட்டார். "சாப்பிட்டயா?" என்று கேட்பார். பாதி நாள் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். சாப்பிட்டதும் அந்தத் தவிப்பில் பாதி அடங்கிவிடும். இதெல்லாம் அந்த அறையில் யாரோ ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டு சொன்னது என்று எனக்குப் புரிந்தது. வார்த்தையாகச் சொல்லாமல், வேலையாகச் செய்துகொண்டிருந்தார். ஒருவரின் ரகசியத்தையும் உடைக்கவில்லை.

அப்படியே பனிக்காலம் போனது. நான் குடிக்கவில்லை. கண்ணில் மஞ்சள் போனது. டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, "வீக்கம் கரைஞ்சு வருதும்மா" என்றார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குக் கிளம்பவே மனசு வராது. காரணம் மல்லிகா. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது அவள் நேராக இவரிடம் போவாள்.

"ஏனுங்கண்ணா, இந்த அக்காவ என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க? வாயத் தொறந்தா காத்துத்தான் வருது. இத்தன வருசம் குடிச்சுக் குடிச்சு ஒரு மனுசியோட குரலையே முழுங்கிட்டீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்குதுங்களா?"

இவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "செரிங்கம்மா" என்பார்.

"என்ன செரிங்கம்மா? இனியாவது பூ வாங்கிக் குடுங்க."

"செரிங்கம்மா." பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கித் தருவார். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுவேன். பூ முள்ளாய்க் குத்தியது.

சித்திரை முடிந்து சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. ஆத்தூரிலிருந்து என் தங்கை வீட்டார் வந்து தங்கினார்கள். மலை உச்சியில் காற்று வீசியது. தங்கை மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். "நடுங்குதேக்கா. மருந்துக்கு ஒரு மூடி ஊத்திக்கலாம், வா" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னதில்லை. ஒரு மூடி குடித்தேன். அவள் ஊருக்குப் போகும்போது பாட்டிலை விட்டுவிட்டுப் போனாள்.

ரிலாப்ஸ் (விட்ட குடி மறுபடியும் தொற்றிக்கொள்வது) என்று இதற்குப் பெயர். அது பெரிய சத்தத்தோடு வருவதில்லை. ஒரு மூடியில்தான் வரும்.

அடுத்து வந்த ஞாயிறு எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. குடிக்காமல் ஆறு மாதம் தாண்டியவர்களுக்குக் கூட்டத்தில் துண்டு போர்த்துவார்கள். அன்று இரண்டு அறைக்காரர்களும் ஒன்றாக உட்காருவார்கள். இந்த முறை இவருக்குத் துண்டு என்று கண்டக்டர் முன்பே சொல்லியிருந்தார். என் நோய்க்கு அவருக்கு மரியாதை நடக்கப்போகிறது, நானோ மறுபடியும் குடிக்கிறேன். அதைத் தாங்க முடியாமல் காலையில் கிளம்பும் முன் பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் குடித்தேன். கிராம்பை மென்றுகொண்டு பஸ் ஏறினேன். இவர் என் பக்கத்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார்.

பெரிய வகுப்பறையில் எல்லோரும் கூடியிருந்தோம். மல்லிகா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இன்னிக்கு உங்க நாளுக்கா" என்று என் காதருகே குனிந்தவள், அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது. கிராம்பு வாடையைத் தாண்டி இன்னொன்றைக் கண்டுபிடிக்க அவளைப் போன்ற மனைவிக்கு ஒரு மூச்சு போதும். என் முகத்தைப் பார்த்தாள். தூரத்தில் நின்ற இவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றுதான்.

கண்டக்டர் இவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். துண்டைப் பிரித்தார். இவர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"வேண்டாமுங்க. இது எனக்கு ஆகாதுங்க."

"அடக்கம் பாருங்க!" என்றார் கண்டக்டர். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நான் குடிக்கறதில்லீங்க."

"அதுக்குத்தானே துண்டு!" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

"இல்லீங்க. நான் எப்பவுமே குடிச்சதில்லீங்க. ஒரு சொட்டுக்கூட."

சிரிப்பு இன்னும் பெரிதானது. பிறகு மெல்ல நின்றுவிட்டது. ஏனென்றால் குடிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான். நான் குடிப்பதே இல்லை என்பார்கள். கண்டக்டரின் முகம் வாடியது. அவர் மிக அன்பாக இவர் தோளைத் தொட்டு, "அண்ணா, பரவால்ல. மறுபடியும் மொதல்லருந்து வருவோம். உண்மையச் சொல்லுங்க" என்றார்.

இவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். நம்புவதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை. மேற்கொண்டு சொன்னால் என் பெயர் வந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டார். அத்தனை பேர் நடுவில், பொய்யன் என்று நினைக்கப்பட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குக் கூச்சமாகும் என்று நினைத்திருப்பார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் பேச எழுகிறவர்கள் முதலில் தங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். என் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது. லைனில் நான் வாட்ச்மேன் சம்சாரம். அந்தக் கூட்டத்தில் ஏற்காட்டக்கா.

"எம் பேரு பாவாயிங்க" என்றேன். குரல் போதவில்லை.

"சத்தமா சொல்லுங்கக்கா" என்றாள் மல்லிகா. அவள் என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"எம் பேரு பாவாயி. குடிக்கறது நாந்தானுங்க. அவரு இல்லீங்க. இன்னிக்குக் காலைலகூடக் குடிச்சுப்புட்டுத்தான் வந்திருக்கறேன்."

பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"அப்ப இத்தன நாளா நம்ம ஊட்டுச் சங்கதியெல்லாம் குடிக்காத ஆளு ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரா? எங்கெங்க போயிச் சொன்னாரோ!"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல என்னால்தான் முடியும்.

"என்றகிட்டக் கூட ஒரு வார்த்த சொல்லலீங்க" என்றேன். "பஸ்ஸுல கெஞ்சிக் கேட்டேன். சண்ட போட்டும் கேட்டேன். சொல்லப்படாதுன்னுட்டாரு. கடலையும் வெல்லமும் வாங்கிக் குடுத்தாரு. கடை இல்லாத ரோட்டுல சுத்திக் கூட்டியாந்தாரு. அது யாரு சொல்லிக் குடுத்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. அவிங்களாலதான் நான் இத்தன மாசம் உசுரோட இருக்கறேன்."

அந்த ஆள் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "கடல நான் சொன்னது" என்றார். மெதுவாக உட்கார்ந்தார்.

கண்டக்டர் துண்டை மடித்து மேசை மேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் பஸ்ஸு மாறி ஏறிட்டீங்க போங்க. ஏனுங்கண்ணா, பேரச் சொல்லிப்புட்டு ஒக்காந்துக்குவீங்களே, குடிக்கறவன்னு ஒரு நாளும் சொல்லலையே. நான் கூச்சம்னுல்ல நெனச்சேன்!"

"பொய் சொல்லப்படாதில்லீங்க" என்றார் இவர்.

மல்லிகாதான் தாங்க முடியாமல் வெடித்தாள். "அய்யோ, இந்த மனுசனப் போயி வாராவாரம் அந்தப் பேச்சுப் பேசுனனே! நான் திட்டும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதாண்ணா?"

"நீங்க நல்லதுக்குத்தானம்மா திட்டுனீங்க. பூவும் வாங்கிக் குடுத்தனே."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நடுங்கினேன். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். திட்டுவார் என்று பயந்தேன். "சொல்லிட்டீங்க இல்ல, போதும்" என்று ஊசி போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதமாட்டேன். குடியை விட்ட ஆண்களின் அறையில் சில வாரம் உட்கார்ந்தேன். நல்லவர்கள்தான். ஆனால் நான் இருந்தால் அவர்கள் பேச்சை மென்று முழுங்கினார்கள். அவர்கள் இருந்தால் நானும் முழுங்கினேன். அடித்ததைப் பற்றி அவர்கள் பேசும்போது நான் அடி வாங்கியவர்களின் அறையை நினைத்தேன். எனக்கான அறை அதுவும் இல்லை.

மல்லிகாதான் வழி செய்தாள். "பொம்பளைங்க குடிக்கறதில்லையா என்ன? சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்றாள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்ப் பேசினாள். டாக்டர் ஒரு நர்ஸை அனுப்பினார், வேலையை விட்டு நின்றவர். பிறகு கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிற ஒருத்தி வந்தாள். மூன்று பேர். செவ்வாய்க்கிழமை மத்தியானம், மல்லிகா வீட்டு அடுப்பங்கரையில் உட்காருவோம். மல்லிகா எங்களுக்கு அவரையை உரிக்கக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். கையில் வேலை இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. அப்போது வாய் வரும்.

முதல் நாளே சித்தாள் சொன்னாள்: "சாந்து கலக்கும்போது கை நடுங்கறதுக்காகக் குடிச்சேன். புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே குடிச்சேன்." யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. நர்ஸ் ஓர் அவரையை உரித்துவிட்டு, "நானும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் அலைந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிமார் அறைக்கு மாறிவிட்டார். அத்தனை பெண்களுக்கு நடுவே ஒரே ஆண். அவர் பேச ஆரம்பித்தால் எல்லோரும் கேட்பார்களாம். என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை.

ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால், கூட்டமே நமக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொன்றைத் தேடுங்கள். யார் நடுவில் உங்கள் பெயரைச் சொல்ல முடிகிறதோ அதுதான் உங்கள் இடம்.

வருடங்கள் போயிருக்கின்றன. ஈரலில் தழும்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால் ஓர் இறுக்கம் தெரியும். முன்பெல்லாம் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தவிப்பு தெரியும், தவிப்பு அடங்குவது தெரியும். இப்போது பசி பசியாக வருகிறது. தூக்கம் தூக்கமாக வருகிறது. முழங்கால் வலி முழங்காலில் மட்டும் இருக்கிறது. அதுவே பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

நேரமும் மாறிவிட்டது. அப்போது ஒரு குடிக்கும் அடுத்த குடிக்கும் நடுவில் இருந்ததுதான் நாள். எதைச் செய்தாலும் அவசரம். இப்போது பொழுது அகலமாக இருக்கிறது. மத்தியானம் முடிந்து இருட்டுவதற்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். நடு வயது, நல்ல சேலை. கதவு ஓரத்தில் உட்கார்ந்தாள். யாருக்காக வந்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முறத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். ஒவ்வோர் அவரையாக எடுத்து உரித்தாள். மற்ற இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். அவள் வாய் திறந்தது, மூடியது. மறுபடியும் திறந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து போகப் பார்த்தாள்.

"ஒக்காரு கண்ணு" என்றேன். "எம் பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு இருக்குது. நீ மெதுவாச் சொல்லு."